மரத்தில் காயம் விழாமல்: பெருமையோடு வாழப் பழகுவது எப்படி

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும், நான் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கற்றுக்கொடுத்த பிள்ளைகளுக்கும் பல தடவை சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். “பெரிய ஆளா வரணும் மக்களே” என்று ஊரே அவர்களுக்கு ஆசி சொல்கிறது. எப்படி வருவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நல்ல மார்க், வெளிநாட்டு வேலை, இரண்டு மாடி வீடு கிடைத்தால் பெரிய ஆள்தான் போல என்று பிள்ளைகளே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அதெல்லாம் கிடைக்கட்டும், சந்தோஷம்தான். ஆனால் நான் பெரியவர்கள் என்று மனதில் வைத்திருக்கும் ஆட்களில் பலருக்கு ஓட்டு வீடுதான் இருந்தது. அவர்கள் கையிலிருந்து அடுத்த ஆள் கைக்குப் போன எதுவும் கெட்டுப் போனதில்லை. மரமானாலும் சரி, பிள்ளையானாலும் சரி, கணக்கு நோட்டானாலும் சரி, வாங்கியதைவிட நல்ல நிலையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதைப் பழகலாம். கைத்தொழில் பழகுகிற மாதிரியேதான் இதையும் பழக வேண்டும்.

நான் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிக் குடும்பம் நடத்தியவள். கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது கடலும் பாறையும். நாங்கள் இருப்பது மலையடிவாரம். திற்பரப்பு, களியல், பேச்சிப்பாறை, கீரிப்பாறை என்று எங்கே திரும்பினாலும் ரப்பர்தான். அதனால் என் உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வரும். உங்கள் வேலை எதுவோ அதற்கு நீங்கள் பொருத்திக்கொள்ளுங்கள்.

வேலையில்: யாரும் பார்க்காத இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இதை மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஒட்டு ரப்பர் கன்று நட்டு ஏறக்குறைய 7 வருடம் கழித்துத்தான் வெட்டுக்கு வரும். தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். இருந்தால் அந்த உயரத்தில் அரைச் சுற்றாகக் கோடு போட்டுத் தொடங்குவோம். கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே 30 டிகிரி சரிவில் இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்து ஓடுவதால், இந்தப் பக்கமாகச் சரித்தால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குப் பட்டையைச் சீவி எடுப்போம். விடியுமுன் வெட்ட வேண்டும். அப்போதுதான் மரத்துக்குள் நீரழுத்தம் நிறைய இருக்கும். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறைந்துபோகும்.

பட்டையை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பட்டையின் வெளிப்பக்கத்தில் பால்குழாய் குறைவு. உள்ளே போகப் போக அதிகம். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் ஒரு மெல்லிய வளர்படலம் இருக்கிறது. புதுப்பட்டை முளைப்பதே அதிலிருந்துதான். அதற்கு ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கம் கத்தியை நிறுத்திவிட வேண்டும். பால் அதிகம் இருப்பதோ அந்தக் கடைசி மில்லிமீட்டரில். கொஞ்சம் அழுத்திவிட்டால் இன்றைக்குப் பால் விழும் சிரட்டை நிறையும், எடையும் கூடும், கையில் காசும் கூடும். ஆனால் படலத்தில் கத்தி பட்ட இடம் காயமாகி, பிறகு முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த மரத்தின் இரண்டு பக்கமும் வெட்டி முடித்து மறுபடி இதே பக்கத்துக்கு வர 10, 12 வருடம் ஆகும். அப்போது வருகிற ஆள் கத்தியை வைத்தால் வழுக்கும், வெட்டுக்கோடு ஓடாது, பால் கோட்டை விட்டு வெளியே வழியும். யார் போட்ட காயம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

இருட்டில், தலையில் கட்டிய லைட் வெளிச்சத்தில், 300, 400 மரங்களுக்கு நடுவில் தனியாக நிற்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டுவைப்பவரைத்தான் நான் பெரிய ஆள் என்பேன். அவருக்கு இன்றைய கூலியில் கொஞ்சம் குறையும். பின்னால் வரப்போகிற முகம் தெரியாத ஒருவருக்காக அதைக் குறைத்துக்கொள்கிறார்.

உங்கள் வேலையிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு தாளில் உங்கள் அன்றாட வேலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், “இதில் நான் அலட்சியம் செய்தால் அது எப்போது தெரியவரும்? யாருக்குத் தெரியவரும்?” என்று எழுதுங்கள். “உடனே, மேலதிகாரிக்கு” என்று பதில் வருகிற வேலைகளை விட்டுவிடுங்கள். அதை எல்லாரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள். “பல வருடம் கழித்து, யாரோ ஒருவருக்கு” என்று பதில் வருகிற வேலைதான் உங்களுடைய ஒரு மில்லிமீட்டர். வயரிங் வேலை செய்கிறவருக்கு அது எர்த் கம்பி. கொத்தனாருக்கு அஸ்திவாரத்துக்குள் போகிற கலவை. நர்ஸ் பிள்ளைக்கு இரவு 3 மணிக்குக் கை கழுவுவது. தோவாளையில் பூக் கட்டுபவருக்கு, மாலையின் உள்பக்கம், யார் கண்ணும் படாத சுற்று. கிராம நிர்வாக அலுவலகத்தில் இருப்பவருக்கு ஒரு சர்வே எண்ணைச் சரியாகப் பதிவது. அந்த எண்ணில் ஒரு இலக்கம் மாறிப்போனால் பேரன் காலத்தில் இரண்டு குடும்பம் கோர்ட்டுக்கு நடக்கும்.

கண்டுபிடித்துவிட்டால், அந்த ஓரிடத்தில் மட்டும் ஒரு மாதம் குறை வைக்காமல் செய்து பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரேயடியாக உத்தமராக ஆகப் புறப்பட்டால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். ஓரிடத்தில் கை பழகினால் அது மெல்ல மற்ற இடங்களுக்கும் பரவும். நான் வெட்டுப் பழக்கிய பிள்ளைகளிடம் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மரத்தில் காயம் போடாமல் இருக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, கொஞ்ச நாளில் பாலில் கிடக்கும் பட்டைத் தூசியையும் தானாகவே அரித்து எடுக்கத் தொடங்கும். அப்புறம் வெட்டுக்கோட்டில் உறைந்து ஒட்டிக் கிடக்கும் ஒட்டுப்பாலை மண் படாமல் தனியாகச் சேர்க்கும். பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற அண்ணன் நம்மால் சிரமப்படக் கூடாது என்ற எண்ணம் அதற்குத் தானாக வந்துவிடும்.

பாலில் தண்ணீர் கலந்து எடை கூட்டுகிறவர்கள் உண்டு. மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டால், அதில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டிவிடும். பிடிபட்டுவிடுவோமே என்று கலக்காமல் இருப்பதும் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மெட்ரோலாக் இல்லாத இடத்தில் என்ன செய்கிறோம் என்பதில் உங்கள் பயிற்சியை வையுங்கள்.

அடுத்தவர் தப்பைத் திருத்தும்போது

வேலையில் கெட்டிக்காரர்களாக இருந்தும் இந்த இடத்தில் சறுக்கிவிடுகிற பலரைப் பார்த்திருக்கிறேன். தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையை இன்னொருவர் கெடுக்கும்போது வாய் சும்மா இருப்பதில்லை.

ஒரு தோட்டத்தில் புதிதாக வந்த பிள்ளை ஒன்று வரிசையாக மரங்களைக் காயப்படுத்திவிட்டது. பால் அளக்கும் இடத்தில், எல்லாரும் சுற்றி நிற்க, கங்காணி அதைத் திட்டித் தீர்த்தார். மறுநாள் அந்தப் பிள்ளை பயந்துபோய் மேலோட்டமாக வெட்டியது. பாலே வரவில்லை. அதற்கும் திட்டு விழுந்தது. அந்தத் தோட்டத்தில் எங்களுக்கெல்லாம் மூத்த ஓர் அக்கா இருந்தார். அவர் அங்கே ஒன்றும் பேசவில்லை. எல்லாரும் போன பிறகு அந்தப் பிள்ளையிடம், “மக்களே, உன் கத்தியக் காட்டு” என்றார். கத்தி மழுங்கிக் கிடந்தது. மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாது, கிழிக்கும். கிழிக்கிற கத்தியை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் உள்ளே இறங்கிவிடும். அந்தப் பிள்ளைக்குச் சாணைக்கல்லில் தீட்டத் தெரியவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

அவர் செய்ததை அப்படியே முறையாக எழுதுகிறேன், நீங்களும் செய்து பாருங்கள். தப்பு நடந்த இடத்தில், ஆட்கள் இருக்கும்போது பேசாதீர்கள். தனியாக வந்ததும் முதலில் கருவியைப் பாருங்கள்: கத்தியோ, கம்ப்யூட்டரோ, தெளிவில்லாமல் எழுதிக் கொடுத்த உத்தரவோ, எதை வைத்து அவர் வேலை செய்தார் என்று பாருங்கள். குறை அங்கே இருந்தால் அதைச் சரிசெய்து கொடுங்கள். பிறகு உங்கள் கையால் ஒரு தடவை செய்து காட்டுங்கள். அடுத்து அவர் செய்யட்டும். இரண்டு மூன்று மரம் தாண்டும்வரை பக்கத்தில் நில்லுங்கள், நடுவில் கத்தியைப் பிடுங்காதீர்கள். அப்புறம் போய்விடுங்கள். கடைசியாக ஒன்று, இதுதான் கஷ்டம்: அந்தத் தப்பைப் பற்றி அதற்குப் பிறகு யாரிடமும் பேசாதீர்கள். கல்யாண வீட்டில் சிரிப்புக்காகக்கூட வேண்டாம்.

கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்துக்கு நிற்கிறாரே வள்ளுவர், அவர் பெருமைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அது 98வது. பிறர் குறையை மறைப்பது பெருமை, குறையை மட்டுமே பேசுவது சிறுமை என்று அதை முடிக்கிறார். 10 குறளில் கடைசியாக அவர் சொல்லத் தேர்ந்தது இதுதான் என்பதை நினைத்து நினைத்து நான் ஆச்சரியப்படுவதுண்டு. அந்தச் சிலையின் பீடம் 38 அடி, மேலே சிலை 95 அடி. அறத்துப்பாலில் 38 அதிகாரம் இருப்பதால் பீடத்துக்கு அந்த அளவை வைத்தார் கணபதி ஸ்தபதி. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். இப்போது விவேகானந்தர் பாறையிலிருந்து கண்ணாடிப் பாலம் வழியாக நடந்தே போகலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், சிலையோடு படம் எடுத்து முடித்ததும், அந்தப் பீடம் ஏன் அத்தனை உயரம் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

குணத்தில்: எல்லாரையும் சரிசமமாக உட்கார வையுங்கள்

நான் வெட்டப் போன வீடுகளில் ஒன்றில், எங்களுக்கென்று சாயா கொடுக்கும் டம்ளர் வேலியோரம் கவிழ்த்து வைத்திருக்கும். நாங்களே கழுவி, நாங்களே கவிழ்த்து வைக்க வேண்டும். சாயாவில் பாலும் சர்க்கரையும் தாராளமாகவே இருக்கும். அது எனக்கு ஒரு நாளும் ருசித்ததில்லை. இன்னொரு வீட்டில் ஒரு மாமி இருந்தார். காலையில் பால் எடுத்து முடித்து வந்தால், திண்ணையில் எங்களோடு உட்கார்ந்து அதே மாதிரி டம்ளரில் கட்டன் சாயா குடிப்பார். மரச்சீனிக் கிழங்கு அவித்தால் ஒரே பாத்திரத்திலிருந்து எல்லாருக்கும் எடுத்து வைப்பார். கூலியை அவர் அதிகமாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டு மரங்களில் என் கத்தி எவ்வளவு கவனமாக ஓடியது என்பது எனக்குத் தெரியும்.

இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்க முடியாது. திருவிதாங்கூர் ஆட்சியில் எங்கள் முன்னோர்களில் பல சாதியினர் மேலுடம்பை மூடி உடுத்தவும், ஆண்கள் தலைப்பாகை கட்டவும் தடை இருந்தது. பெண்கள் தோள்சீலை போட்டுக்கொள்ளப் பல வருடம் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அதற்கு அரசு உத்தரவே வந்தது. அதற்கு முன்பே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், தன்னிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிடச் சொன்னார். 1809இல் பிறந்து 1851 வரை வாழ்ந்த மனிதர் அவர். சாதி பார்க்காமல் எல்லாரும் தண்ணீர் எடுக்க ஒரு கிணறு, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடப் பந்தி, கும்பிடுவதற்குக் கண்ணாடி என்று ஏற்படுத்தினார். கண்ணாடி முன்னால் நின்று கும்பிட்டால் தெரிவது நம் முகம்தான். இதற்காகச் சிறைக்கும் போனார். தலை நிமிர்ந்து நிற்க ஒருவருக்கு இடம் செய்து கொடுப்பதைவிடப் பெரிய காரியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாம் சிறைக்குப் போக வேண்டியதில்லை. செய்யக்கூடியது இவ்வளவுதான்: உங்களைவிடக் குறைந்த சம்பளம் வாங்கும் எல்லாருடைய பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தூய்மைப் பணிக்கு வருகிற அக்கா, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி, தேங்காய் பறிக்க வருகிற அண்ணன், எல்லாரையும் பெயரோடு ஓர் உறவுமுறையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். வயதில் மூத்தவரை, அவர் என்ன வேலை செய்தாலும், “நீங்க” என்றே பேசுங்கள். பிள்ளைகள் “வா, போ” என்றால் அங்கேயே மெதுவாகத் திருத்துங்கள். வீட்டுக்கு வேலைக்கு வந்தவர் நிற்க, நீங்கள் உட்கார்ந்து பேசாதீர்கள். டம்ளர் வேறாக இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். இதற்கெல்லாம் பணம் வேண்டாம், படிப்பு வேண்டாம், நேரம்கூட வேண்டாம்.

எங்கே வேலை செய்வது என்று முடிவெடுக்கும்போது

எங்கள் பக்கத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் குறைவு. 1838இல் தொடங்கியது. அங்கே இருந்த டாக்டர் ஹோவார்ட் சோமர்வெல் எவரெஸ்ட் ஏறப் போனவர் என்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

1922இல் பிரிட்டிஷ் குழுவோடு அவர் எவரெஸ்ட்டுக்குப் போனார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவு வந்து சுமை தூக்கிய 7 பேர் இறந்துபோனார்கள். இறந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லையே, அவர்களோடு தானும் கிடந்திருக்கக் கூடாதா என்று சோமர்வெல் வேதனைப்பட்டார். பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர் நெய்யூருக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி முழுக்க நோயாளிகள், அறுவைச் சிகிச்சை செய்ய ஒரே ஒரு டாக்டர், அவரும் களைத்துப்போயிருந்தார். லண்டனில் தனக்கு இருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கு வந்தார் சோமர்வெல். 1924இல் மறுபடி எவரெஸ்ட்டுக்குப் போய், ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடிவரை ஏறி, தொண்டை அடைத்து மூச்சு முட்டித் திரும்பினார். திரும்பி வந்ததும் நெய்யூரில் வயிற்றுப் புண் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். அப்படியே 20 வருடத்துக்கு மேல் இங்கே இருந்தார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. இரண்டு வேலை, இரண்டு ஊர், இரண்டு வாய்ப்பு என்று முன்னால் வரும்போது, சம்பளம், வசதி எல்லாம் எழுதிப் பாருங்கள். பார்க்கத்தான் வேண்டும். கடைசி வரியில், “நான் போகாவிட்டால் அங்கே இதை யார் செய்வார்?” என்றும் எழுதுங்கள். லண்டனில் சோமர்வெல் இல்லாவிட்டால் இன்னொரு டாக்டர் இருந்திருப்பார். நெய்யூரில் அப்படி இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் ஜெர்மனிக்கும் போவதை நான் தப்பென்று சொல்லவில்லை. எத்தனையோ வீட்டுக் கடன் அவர்களால்தான் அடைந்திருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வரியை எழுதிப் பார்த்துவிட்டுப் போகிறவரும், எழுதாமலே போகிறவரும் போன இடத்தில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

வீட்டிலும் தெருவிலும்

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் 3 மணிக்கெல்லாம் எழுந்துவிட வேண்டும். நான் வெட்டப் போன காலமெல்லாம் என் மாமனார் எனக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டி வைப்பார். மழைக்காலத்தில் கையில் கம்போடு தோட்டம்வரை முன்னால் நடந்து, பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொடுப்பார். அதைப் பற்றி ஒரு நாளும் அவர் பேசியதில்லை, நன்றி சொன்னால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். வீட்டில் ஒரு வேலையை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: யாரும் கேட்காத, கணக்கில் வராத ஒரு வேலை. இரவு தண்ணீர் நிரப்பி வைப்பதாகக்கூட இருக்கலாம். அதைச் செய்துவிட்டுச் சொல்லிக்காட்டாமல் இருங்கள். மருமகளுக்காக ஆண்பிள்ளை அடுப்பு மூட்டுவதா என்று ஊரில் பேசினார்கள். அவர் காதில் அது விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

தெருவுக்கு வருவோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கடலுக்குப் போயிருந்த எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் வீடு வீடாகத் துக்கம். மலைப்பக்கத்தில் ரப்பரும் வாழையும் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. விழுந்த ரப்பருக்குப் பதிலாகக் கன்று நட்டுப் பால் பார்க்க 7 வருடம். எங்களைப் போன்றவர்களுக்கு மறுநாள் போக வேலையே இல்லை. கரண்ட் பல நாள் வரவில்லை. மோட்டார் ஓடாததால் கிணற்றில் தண்ணீர் இருந்தும் தொட்டியில் இல்லை.

அப்போது எங்கள் பக்கம் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர், டீசல் கிடைத்த நேரமெல்லாம் தெருவில் உள்ள வீடுகளின் மோட்டாரை முறை வைத்து ஓட்டிக் கொடுத்தார். தன் வீட்டுக்குக் கடைசியாகத்தான் ஓட்டினார். ஒரு தோட்டக்காரர், வெட்ட மரமில்லாத போதும், விழுந்த மரம் அப்புறப்படுத்தவும் புதுக் குழி எடுக்கவும் தன் பால்வெட்டுக்காரர்களையே கூப்பிட்டார். எந்திரம் வைத்திருந்தால் செலவு குறைந்திருக்கும், அவருக்கும் அது தெரியும். இன்னொரு வீட்டில் பிளஸ் டூ படித்த பையன், படுக்கையில் கிடந்த வயதானவர்கள் மூன்று பேருக்கு வீடு வீடாகப் போய் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்த்து, சைக்கிளில் போய் வாங்கி வந்தான்.

அந்தப் பையனால் முடிந்ததற்குக் காரணம், யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆகவே புயல் வருமுன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஐந்து வீடு, அந்தப் பக்கம் ஐந்து வீடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் தனியாக வயதானவர் இருக்கிறார், யாருக்கு இன்சுலின், யார் கர்ப்பிணி, யாருடைய மகன் கடலில் என்று தெரிந்துகொள்ளுங்கள். துருவித் துருவிக் கேட்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு தடவை நின்று இரண்டு வார்த்தை பேசினாலே தெரிந்துவிடும். வீட்டில் ஒரு நல்ல கயிறு, அரிவாள், மண்வெட்டி, டார்ச் லைட் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். ஆபத்து நாளில் பெரிய மனது காட்ட எல்லாருக்கும் ஆசை வரும். கையில் கயிறும் மனதில் விவரமும் இருக்கிறவரால்தான் காட்ட முடியும்.

வேலையை விட்டுப் போகும்போது

ரிடையர் ஆகிறவர், வேறு இடத்துக்கு மாறுகிறவர், பொறுப்பை மகனுக்கோ மருமகளுக்கோ கொடுக்கிறவர், எல்லாரும் இதைக் கவனமாகச் செய்யுங்கள். ஒருவர் எவ்வளவு பெரியவர் என்பது அவர் கைமாற்றிக் கொடுக்கும் விதத்தில் தெரிந்துவிடும். வித்தையை மறைத்து வைத்து, “நான் போனால்தான் தெரியும் என் அருமை” என்று காத்திருக்கிறவர்களால் எத்தனையோ நல்ல தோட்டங்கள் பாழாயிருக்கின்றன.

நாங்கள் செய்யும் முறை இது. புதிதாக வருகிறவரைக் கூட்டிக்கொண்டு விடியுமுன் முழு வரிசையும் நடப்போம். எந்த மரம் பட்டை காய்ந்து பால் நின்றுபோனது, எதற்கு ஓய்வு கொடுத்திருக்கிறோம், எது காற்றில் சாய்ந்து வேர் தளர்ந்தது, எந்த மரத்துக்குப் பக்கத்தில் குளவிக்கூடு இருக்கிறது, எந்தப் பாறை மழையில் வழுக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவோம். காயம் பட்ட மரங்களை முதலிலேயே காட்டிவிட வேண்டும். அது நாம் போட்டதானாலும் நமக்கு முன்னால் இருந்தவர் போட்டதானாலும், புதியவர் தலையில் அந்தப் பழி விழக் கூடாது. மழைக்காப்பு பிளாஸ்டிக் எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றிக் கொடுப்போம். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் இதே முறைதான்: பாதியில் நிற்கும் கோப்புகள், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்ற விவரம், எந்த ஆளிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்ற அனுபவம், எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.

கொடுத்த பிறகு முதல் மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள். அவர் வெட்டுகிற கோடு உங்கள் கோட்டைப் போல இருக்காது, பார்த்தால் கை துறுதுறுக்கும். அவராகக் கூப்பிட்டால் போங்கள். போனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, சாயா கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.